ஆளுக்கொரு அளவு

அந்த டாக்டரம்மா எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் யூனியன் அவர் மேல் புகார் எழுதிவிட்டது. தொழிலாளிகளுக்கு மாத்திரை கொடுப்பதில் பாரபட்சம் காட்டுகிறார் என்பது புகார். தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற ஒருத்திக்கு மூன்று மாத்திரை, அவளுக்கு அடுத்த வரிசையில் கிள்ளுகிறவளுக்கு ஒன்றரை. இரண்டு பேருக்கும் ஒரே நோய், ஒரே கூலி. மாத்திரை மட்டும் எப்படிக் குறையும்? சமத்துவத்துக்காக எத்தனையோ கொடி பிடித்த யூனியன் செக்ரட்டரிக்கு இது பொறுக்கவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்றார்.

"எல்லாத்துக்கும் ஒண்ணு போல குடுக்கணும்மா. பழைய டாக்டர் ஆளுக்கு ரெண்டுன்னு குடுத்தாக. ஒரு தகராறு கிடையாது" என்றார்.

"இந்தம்மாவுக்கு ரெண்டு பத்தாதுங்க. அந்தம்மாவுக்கு ரெண்டு குடுத்தா ஈரல் கெட்டுப் போயிரும். சமமாக் குடுத்தா ஒருத்தருக்கு நோவு தீராது, இன்னொருத்தருக்குப் புது நோவு வரும்" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு எதுலீங்க சமம் வேணும்? மாத்திரையிலயா, சொகமாகறதுலயா?"

மைக் இல்லாத இடத்தில் செக்ரட்டரிக்குப் பேச்சு வருவது கஷ்டம்தான். டாக்டரம்மா அதோடு விட்டாரா? அவரையும் எடை பார்க்கிற மிஷினில் ஏற்றி இறக்கி, இரத்தக் கொதிப்பு பார்த்து, ஒரு மாத்திரையில் கால் பங்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார். போராட்டத்துக்குப் போனவர் நோயாளியாகத் திரும்பி வந்தார்.

டாக்டரம்மா பேரை இங்கே எழுதப் போவதில்லை. எஸ்டேட்டில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் மட்டும் புதிதாக எதற்கு? எமர்ஜென்சி முடிந்து ஒரு வருடம் இருக்கும் அவர் வந்தபோது. மூணாறுக்கு மேலே, வட்டவடை போகிற பாதையில் ஒதுங்கிக் கிடக்கிற எஸ்டேட் எங்களுடையது. அங்கே வருகிற டாக்டர்கள் மாற்றலுக்கு மனு எழுதிக்கொண்டேதான் வருவார்கள். இவர் பெட்டியை இறக்கிய கையோடு மருந்து அறைக்குள் போய், கம்பவுண்டர் கலக்கி வைத்திருந்த மூன்று பெரிய பாட்டில்களைக் காட்டி இதென்ன என்று கேட்டாராம். காய்ச்சலுக்குச் சிவப்பு, இருமலுக்குக் கறுப்பு, வயிற்றுக்கு வெள்ளை. யார் வந்தாலும் ஒரே கரண்டி. மூன்றையும் சாக்கடையில் கொட்டச் சொல்லிவிட்டார். கம்பவுண்டர் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

கிழக்குப் பாலக்காட்டில் வேலந்தாவளம் பக்கம் அவருக்கு ஊர். நிலபுலம் உள்ள குடும்பம். சின்ன வயதில் அப்பாவோடு அங்கே மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகியவர். சந்தையில் மாட்டைத் தராசில் ஏற்ற முடியாது. நடக்கவிட்டுப் பார்த்து, முதுகில் கை வைத்து, எடை சொல்வார்களாம். அந்தக் கண் அவருக்கு வாய்த்திருந்தது. வராந்தாவில் நாம் நடந்து வருகிறபோதே மேலும் கீழும் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார். மிஷினில் ஏற்றினால் முள் அங்கேயே போய் நிற்கும். பெண்களுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. என் மனைவி செல்லத்தாய், "மாட்டுத் தரகன் மாதிரில்லா பாக்காக" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பார்வைதான் தரகர் பார்வை. பேச்சு வேறு மாதிரி. எங்களை ‘ங்க’ போட்டுப் பேசிய முதல் ஆபீசர் அவர். மற்றவர்களுக்கு நாங்கள் ‘ஏலே’, ‘ஏட்டி’தான். இவர் கொழுந்துக் கூடையோடு போகிறவளைப் பாதையில் மறித்து, "ஏனுங்க, மாத்திரைய சோத்துக்கு முன்ன முழுங்கினீங்களா, பொறவா? ஒண்ணுக்கு மஞ்சளாப் போவுதுங்களா?" என்று உரக்கக் கேட்பார். மரியாதைக்குச் சந்தோஷப்படுவதா, கேள்விக்கு வெட்கப்படுவதா என்று தெரியாமல் அவள் நிற்பாள். பதில் வருகிற வரை வழிவிடவும் மாட்டார்.

மேசையில் ஒரு வெள்ளை அளவுகோல் வைத்திருந்தார். நடுவில் ஒரு துண்டு முன்னும் பின்னும் நகரும். ஃபேக்டரி என்ஜினியரிடமும் அதுபோல ஒன்று உண்டு. வயது, எடை, சிறுநீரகம் எப்படி என்பதையெல்லாம் வைத்து அதை நகர்த்திக் கணக்குப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார். ஆயுசு எவ்வளவு என்று பார்க்கிறார் என்று லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், பேசிக்கொண்டோம். அவர் அதைக் கையில் எடுத்தால் சிலர் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

கேட்டால் விளக்கமும் சொல்வார். எல்லா விளக்கத்துக்கும் அவருக்கு ஒரே ஏரிதான். அவர்கள் ஊரில் வயலுக்கு நடுவே வெட்டி வைத்திருக்கிற நீர்நிலையை ஏரி என்பார்களாம்.

"ஒடம்பு ஒரு ஏரிங்க. மருந்து, வாய்க்கால்ல வர்ற தண்ணி. ஈரலும் சிறுநீரகமும் மதகு. தண்ணி ரொம்பவும் நிக்கக்கூடாது, வத்தவும் கூடாது. எங்கப்பனோட ஏரி மதகும் பக்கத்துத் தோட்டத்து ஏரி மதகும் ஒரே மாதிரியா இருக்கும்? பொறவு வாய்க்கால்ல மட்டும் எல்லாத்துக்கும் ஒரே தண்ணிய உடு உடுன்னா எப்புடீங்க?"

இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துப் போயிருந்தது. அந்த மதகு என் வயிற்றுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும் என்று நான் கண்டேனா?

எனக்கு வலிப்பு உண்டு. இன்றைக்கு இப்படி எழுதிவிட்டுப் போவது எளிது. அன்றைக்கு இந்த வார்த்தை எங்கள் வீட்டுக் கதவைத் தாண்டாது. பத்தொன்பது வயதில் வர ஆரம்பித்தது. பெரும்பாலும் தூக்கத்தில் வரும். செல்லத்தாய் என் கையில் இரும்புச் சாவியைத் திணித்துவிட்டு, சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் என் வாயருகே தலையணையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். லயத்து வீடுகளுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர்தான். தெரிந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் ஃபேக்டரியில் ரோலர் ஆள். வாடின கொழுந்தைப் போட்டுக் கசக்குகிற பெரிய வட்ட மிஷின் அது. அதன் பக்கத்தில் வலிப்புக்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? ‘அன்ஃபிட்’ என்று ஒரு முத்திரை விழும். வேலை போனால் லயமும் போகும். வேலையும் வீடும் எங்களுக்கு ஒரே சாவி.

அவர் கண்டுபிடித்தது என் நாக்கை வைத்து. வயிற்று வலி என்று போயிருந்தேன். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தவர் ஓரத்தில் இருந்த தழும்பைக் கவனித்துவிட்டார். கம்பவுண்டரை ஏதோ எடுத்துவர அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "தூக்கத்துலீங்களா வருது?" என்றார். நான் அழுதுவிட்டேன். வெளியே சொல்ல வேண்டாம் என்று காலில் விழப் போனேன்.

"நீங்க சொல்லாத வரைக்கும் நான் சொல்ல மாட்டேனுங்க. அது உங்க சொத்து. ஆனா ரோலர்கிட்ட நிக்கிறது தப்பு. எனக்கு இதுல சம்மதமே இல்லை. மருந்து தர்றேன். அதுக்குள்ள நீங்களா வேற செக்ஷன் கேட்டு மாறிக்குங்க."

சரி என்றேன், கேட்கவில்லை. ரோலருக்குப் படி கொஞ்சம் கூடுதல். அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு தடவை மருந்துக்குப் போகிறபோதும், "கேட்டீங்களா?" என்பார். இல்லை என்றால் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் வேறு பாதையில் போன நாள்கூட உண்டு.

தினம் மூன்று மாத்திரையில் தொடங்கினார். வலிப்பு குறைந்தது, நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் அவருடைய தங்கைக்குக் கல்யாணம் வந்தது. ஊருக்கு லீவில் போவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, அளவுகோலை நகர்த்தி, மூன்றை நாலாக்கிக் கொடுத்தார். "ஒரு நேரமும் உடாம முழுங்குங்க. நான் வந்து பாக்கறேன்" என்றார். நான் ஒரு வேளையும் விடவில்லை.

இரண்டு வாரம் ஒன்றுமில்லை. வலிப்பே வரவில்லை என்று செல்லத்தாய் சுடலைமாடனுக்குப் பொங்கல் நேர்ந்துகொண்டாள். பிறகு ஒரு காலையில் ஃபேக்டரித் தரை படகு போல ஆடியது. சமாளித்துக்கொண்டேன். மறுநாள் நாக்கு தடித்துப் பேச்சுக் குழறியது. ஒரு ரோலர் இரண்டாகத் தெரிந்தது. ஃபேக்டரியில் தூள் பொறுப்பெல்லாம் பார்க்கிற டீ மேக்கர் என்னைக் கூப்பிட்டு, "ஊதுலே" என்றார். ஊதினேன். வாசனை இல்லை. அது அவருக்கு இன்னும் கோபமாகிவிட்டது; வாசனை வராத சரக்கு எங்கேயோ கிடைக்கிறது என்று முடிவு செய்துகொண்டார். குடித்துவிட்டு வேலைக்கு வந்ததாக மெமோ கொடுத்தார்.

என் அப்பா சாராயத்தில் செத்தவர். அதனால் நான் கள்ளைக்கூட மோந்து பார்த்ததில்லை. மெமோவைக் கொண்டு போய்ச் செல்லத்தாயிடம் காட்டினேன்.

"குடிச்சேன்னு சொல்லிருங்க" என்றாள்.

"என்னட்டி சொல்லுத?"

"குடிகாரன்னா நாலு பேரு சிரிப்பாக. இங்கன எந்த வீட்டுல குடிகாரன் இல்ல? வலிப்புன்னு தெரிஞ்சா லயத்த விட்டு எறக்கிருவாக. பிள்ளைகளத் தூக்கிட்டு எங்கன போக?"

அவள் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. ‘தெரியாத்தனமாகக் குடித்துவிட்டேன், இனி மாட்டேன்’ என்று எழுதிக் கைநாட்டுக்காரன் போலக் கோணலாகக் கையெழுத்துப் போட்டேன். இனி ஒரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். நானும் வீட்டுக்கு வந்து, டாக்டரம்மா சொன்னபடி நாலு மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தேன். மறுநாளும் நாலு. நம்மை மாதிரி கீழ்ப்படிகிற நோயாளி கிடைப்பது அபூர்வம்.

அடுத்த வாரம் ரோலர் மேலேயே சாய்ந்தேன். பக்கத்தில் நின்றவன் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இதை எழுத எனக்குக் கை இருந்திருக்காது. முழங்கை மட்டும் சிராய்ந்தது. இரண்டாவது மெமோ, சஸ்பென்ஷன், மேனேஜர் முன்னால் என்கொயரி. முடிவு என்ன என்று எஸ்டேட் முழுக்கத் தெரியும். யூனியன் செக்ரட்டரி வந்து, "ஊருல யாராச்சும் இருக்காகளா?" என்று விசாரித்தார். தாத்தா காலத்தில் விட்டுவந்த திருநெல்வேலிப் பக்கத்தில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

கல்யாணம் முடிந்து வந்த டாக்டரம்மா, கம்பவுண்டர் சொல்லக் கேட்டு, பெட்டியைக்கூடத் திறக்காமல் நேரே லயத்துக்கு நடந்து வந்தார். கையில் கல்யாண மருதாணி சிவப்பாக இருந்தது.

"ஏனுங்க சுடலைமுத்து, குடிச்சீங்களா?"

"ஆமாம்மா, குடிச்சாக" என்று செல்லத்தாய் முந்திக்கொண்டாள்.

"உங்களைக் கேக்கலீங்க."

நான் தலையைக் குனிந்தேன். லயத்துக்கு முன்னால் ஓடுகிற சாக்கடைக் கானோரத்துக் கல் வரிசையைக் காட்டி, அதன் மேல் நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியில் கானுக்குள் இறங்கினேன். விரலை என் கண்ணுக்கு நேரே பிடித்து மெல்ல ஒரு பக்கமாகக் கொண்டு போனார். என் கண் அதன் பின்னால் ஒழுங்காகப் போகாமல் துடித்துத் துடித்துப் போயிருக்க வேண்டும். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "இது சாராயம் இல்லைங்க. இது நானு" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவர் மறைக்காமல் சொன்னார். சாதாரண மருந்தென்றால் ஏரியில் தண்ணீர் ஏற ஏற மதகு வழியாக வெளியே போவதும் ஏறும். கொஞ்சம் கூட்டினால் கொஞ்சம்தான் ஏறும். இந்த வலிப்பு மருந்துக்கு அப்படி இல்லை. இதை வெளியேற்றுகிற மதகுக்கு ஒரு எல்லை உண்டு. அது முழுக்கத் திறந்துவிட்ட பிறகு மேலே ஊற்றுகிற ஒவ்வொரு குடமும் ஏரியிலேயே நிற்கும். இன்றைக்கு ஒரு குடம், நாளைக்கு ஒரு குடம், கடைசியில் கரை வழியும்.

"மூணு மாத்திரையிலயே உங்க மதகு கிட்டத்தட்ட ரொம்பிப்போச்சுங்க. அது தெரியாம நான் ஒரு முழு மாத்திரைய ஏத்திட்டேன். அப்புடித்தான் எல்லாரும் ஏத்துவாங்க. ஆனா ஆளுக்கு ஆள் மாறும்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரியறவ நானு. ஏத்திட்டு ஊருக்கும் போயிட்டேன் பாருங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்க கணக்குல என் ஜோலி போச்சே டாக்டரம்மா" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன.

"இன்னும் போகலீங்க" என்றார். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "போக உட மாட்டேன்."

அன்றைக்கே என் இரத்தத்தை எடுத்தார். மருந்து எவ்வளவு நிற்கிறது என்று அளக்கிற வசதி எங்கள் மலையில் ஏது? மலைக்குக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேபில் அவரோடு படித்த தோழி இருந்தார். வட்டவடையிலிருந்து கேரட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மூணாறு போகிற ஜீப்பை நிறுத்தி, பிளாஸ்கில் வைத்த என் இரத்தத்தை டிரைவர் மடியில் கொடுத்து, அங்கிருந்து பஸ்ஸில் அனுப்ப ஏற்பாடு செய்தார். ஜீப் டிரைவர், "ஒடஞ்சா என்ன செய்யம்மா?" என்று கேட்டதற்கு, "ஒடஞ்சா திரும்ப எடுப்பேன். திரும்பவும் உங்க ஜீப்பத்தான் நிறுத்துவேன்" என்றாராம். அவன் மூணாறு போய்ச் சேருகிற வரை பிளாஸ்கைக் கீழே வைக்கவில்லை.

மாத்திரையைச் சில நாள் நிறுத்தினார். தரை மெல்ல மெல்ல ஆடாமல் நின்றது. பிறகு பழையபடி மூன்றைத் தொடங்கி, அது உடம்பில் ஒரு நிலைக்கு வரட்டும் என்று காத்திருந்தார். அதுவரை எனக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்து என்கொயரியைத் தள்ளி வைத்தார். மறுபடி இரத்தம், மறுபடி கேரட் ஜீப். நாலு மாத்திரைக்கு எவ்வளவு, மூன்றுக்கு எவ்வளவு என்று இரண்டு எண்கள் கையில் கிடைத்ததும், கட்டம் போட்ட தாளில் இரண்டு புள்ளி வைத்து ஒரு கோடு இழுத்தார். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார்.

"இந்தக் கோடு உங்களோடதுங்க. ஒலகத்துல வேற யாருக்கும் இது ஆகாது."

எனக்கு வேண்டியிருந்தது மூன்று மாத்திரையும், அதற்கு மேல் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சின்ன மாத்திரை ஒன்றும். மூன்று பத்தாது, நாலு ஆளைக் கவிழ்க்கும்; நடுவில் இந்த நூலிழை. மீசை வைத்தவனுக்குப் பிள்ளை மாத்திரையா என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவருக்கு அதைவிடச் சந்தோஷமான நாளை நான் பார்க்கவில்லை. கம்பவுண்டருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார்.

ஆனால் மாத்திரையின் அளவு தெரிந்ததால் வேலை வந்துவிடுமா? என்கொயரிக்கு முந்தின சாயங்காலம் அவர் மறுபடி லயத்துக்கு வந்தார். நான் குடிக்கவில்லை என்று அவர் சொல்ல வேண்டுமானால், எந்த மருந்தால் ஆடினேன் என்று சொல்ல வேண்டும். எந்த மருந்து என்றால் என்ன நோய் என்று கேட்பார்கள்.

"ரெண்டுல எதச் சொன்னாலும் வேலை போகும்லா?" என்றாள் செல்லத்தாய்.

"குடின்னு சொன்னா நிச்சயமாப் போகுமுங்க. வலிப்புன்னா நான் சண்டை போட ஒரு எடம் இருக்குது. ஆனா மொதல்ல அவரு வாயத் தொறக்கோணும். அவரு சொல்லாம நான் சொல்ல மாட்டேன். மொதல் நாளே வாக்குக் குடுத்துட்டேன்."

"தோத்துட்டீகன்னா?"

"தோத்தா, வேலந்தாவளத்துல எங்க ஊட்டுத் தோட்டத்துல குடியிருக்கறாப்புல ஒரு சாளை சும்மா கெடக்குதுங்க. ஆனா நான் தோக்கறதுக்கு வரலீங்க."

அவர் போன பிறகு அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டே செல்லத்தாய், "உங்க இஷ்டம்" என்றாள். இஷ்டம் என்று அவள் சொன்னது எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஆபீஸ் அறையில் மேனேஜர், டீ மேக்கர், எனக்குத் துணையாக யூனியன் செக்ரட்டரி, ஓரத்தில் டாக்டரம்மா. ஜன்னலுக்கு வெளியே கொழுந்து கிள்ளப் போகாமல் ஒரு கூட்டமே நின்றது. மேனேஜர் தாளைப் பார்த்தபடி, "குடிச்சியா?" என்றார். இல்லை என்று மட்டும் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாள்தான் அவர் என்னை எதுவும் கேட்காமல் இருந்தார்.

"இல்ல சார். குடிக்கல. மொத தடவ குடிச்சேன்னு எழுதினதும் பொய். எனக்கு வலிப்பு இருக்கு" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா எழுந்தார்.

"அவரு ஆடினது என்ற மருந்தாலீங்க. அளவு தப்பினது நானு. அந்த மெமோவுல அவரு பேர அடிச்சுட்டு என்ற பேர எழுதுங்க."

மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு மேலே கம்பெனி இருந்தது. "சரி டாக்டர். இனிமே இவன் மிஷின்ல விழ மாட்டான்னு காரண்டி தருவீங்களா?" என்றார்.

"தர மாட்டேனுங்க" என்றார் அவர். எனக்கு உயிரே போய்விட்டது. "எந்த மனுசனுக்கும் அந்தக் காரண்டி நான் தர மாட்டேன். இவருக்கு எவ்வளவு மருந்து வேணும்னு இப்பத் தெரியும். அது மட்டும்தான் என்னால சொல்ல முடியும். ரோலர்கிட்ட உடாதீங்க, அத நானும் ஒத்துக்க மாட்டேன். மேல மாடிக்கு அனுப்புங்க, கொழுந்து வாட்டற எடத்துக்கு. அங்க உழுந்தாருன்னா கொழுந்து மேலதான் உழுவாரு. கொழுந்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

செக்ரட்டரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேனேஜர் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். பிறகு யோசித்து, மாடியில் ஒரு வருடம் பார்க்கலாம், வலிப்பு வந்தால் மறுபேச்சு இல்லை என்றார். "ஒரு வருசம் போதுமுங்க" என்றார் டாக்டரம்மா. மருந்து அளவு தப்பியதற்கு அவருக்கும் கம்பெனி விளக்கம் கேட்டது என்று பிற்பாடு தெரிந்தது. அவர் அதை ஒரு தடவைகூட என்னிடம் சொல்லவில்லை. அவர் மேல் இருந்த கோபம் எனக்கு எந்த நாளில் போயிற்று என்று தெரியவில்லை. போய்விட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததை அன்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

மாடியில் வேலை தொடங்கி ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்தில் பாதிப் பேர் கடைக்குப் போயிருந்த மத்தியான நேரம், டீ மேக்கர் எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கமாக வந்து நின்றார். எனக்கு மெமோ கொடுத்த அதே மனிதர். லயத்துப் பக்கம் அவர் வந்து நான் பார்த்ததில்லை. உள்ளே வரச் சொன்னதற்கு மாட்டேன் என்று தலையாட்டினார்.

"நீ தின்கிற மாத்திரையில கொஞ்சம் வேணும். எம் பொண்ணுக்கு" என்றார். "எத்தன குடுக்கணும்னு மட்டும் சொல்லு. நீ தின்கிறதுல பாதி குடுத்தாப் போதுமா?"

அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். பள்ளிக்கூடம் அனுப்பவில்லை, நெஞ்சு பலம் இல்லாத பிள்ளை என்று சொல்லிக்கொள்வார்கள். எனக்கு ஒரு நிமிடம் கெட்ட சந்தோஷம் வந்தது என்பது உண்மை. ‘ஊதுங்க சார்’ என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் உள்ளேயிருந்து செல்லத்தாய் வந்துவிட்டாள். என்னைக் குடிகாரன் என்று எழுதச் சொன்னவள் அவள்தான்.

"அதுல பாதின்னு கணக்கெல்லாம் கிடையாது சார். பிள்ளையக் கொன்னுருவீக" என்றாள். "டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க. நாங்களும் கூட வாரோம்."

"ஆளுக வேடிக்கை பாப்பாங்க."

"பாக்கட்டும் சார். எங்களையும்தான் பாத்தாக."

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் கூட்டம் நிறைந்திருக்கிற நேரத்தில் போனோம். பிள்ளையின் ஒரு கையை டீ மேக்கர் பிடித்திருந்தார், மறு கையைச் செல்லத்தாய். வராந்தாவில் என்ன நோய் என்று கம்பவுண்டரிடம் சொல்லி எழுதி வாங்கின சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். டாக்டரம்மா எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். டீ மேக்கர், "பிள்ளைக்கு நெஞ்சுல பலம் இல்ல..." என்று தொடங்கினார். டாக்டரம்மா எழுதாமல் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"வலிப்பு டாக்டரம்மா. மூணு வருசமா வருது" என்றார் டீ மேக்கர். குரல் உடைந்ததில் அது வராந்தா வரைக்கும் கேட்டுவிட்டது.

டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். பிள்ளையைத் தன் பக்கம் சேர்த்து நிறுத்திக்கொண்டு, "எங்கூடச் சேந்து ஒரு கோடு போடலாமா கண்ணு?" என்றார்.

வரிசையில் முன்னால் நின்ற ஒரு பெண், வயிற்று வலி என்று சீட்டு வாங்கியிருந்தவள், வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். கையிலிருந்த சீட்டை மேசையில் வைத்தாள்.

"அம்மா, இதையும் மாத்தி எழுதுங்க" என்றாள்.